மின்கசிவு, விஷவாயு, மூடாத குழி: கெட்டது எது, பொறுப்பு யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஒரே மாதிரியான நாலு வரிச் செய்திகள் வரத் தொடங்கும். துணி காயப்போட்ட பெண் மின்சாரம் பாய்ந்து பலி. செப்டிக் டேங்கில் இறங்கிய மூவர் பலி. வடிகால் பள்ளத்தில் பைக்குடன் விழுந்தவர் படுகாயம். 'போலீசார் வழக்குப் பதிந்து விசாரிக்கின்றனர்' என்பதோடு செய்தி முடியும். எந்தப் பொருள் கெட்டதால் உயிர் போனது, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார் என்ற இரண்டு விவரங்களும் அநேகமாக இருப்பதில்லை. முதலாவது தெரிந்தால் பக்கத்துத் தெருக்காரர் தன் வீட்டைச் சரிபார்ப்பார். இரண்டாவது தெரிந்தால் இழந்த குடும்பத்துக்கு எங்கே போவது என்று புரியும். எதைச் செய்திருந்தால் இது நடந்திருக்காதோ அதைச் செய்தீர்களா என்றுதான் கவனக்குறைவு வழக்கில் நீதிபதியும் கேட்கிறார். அதனால்தான் வயரிங் தொழில் தெரிந்த ஒருவரும் இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் ஒருவரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான கடிதம்; சுருக்கினால் பயன்படாது.

'எங்கள் வீட்டில் டிரிப்பர் இருக்கிறது, ஷாக் அடித்தால் விழுந்துவிடும்' என்று பலர் நம்புகிறார்கள். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் எம்.சி.பி.களைத்தான் டிரிப்பர் என்கிறோம். அவை ஒயர் கருகாமல் காக்க வைத்தவை. ஈரமான உடம்பின் மின்தடை ஏறக்குறைய 1,000 ஓம். 230 வோல்ட்டைத் தொட்டால் உடம்பு வழியே 230 மில்லி ஆம்பியர் பாயும். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து வந்துவிடுகிறது. ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ 16,000 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய வேண்டும். ஆள் இறந்த பிறகும் அந்த டிரிப்பர் அசையாமல் நிற்பது இதனால்தான்.

ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. கடைகளில் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்பார்கள். பேஸில் (கரண்ட் வரும் ஒயரில்) போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் (திரும்பும் ஒயரில்) திரும்பி வருகிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால், அதிகபட்சம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டிக்கும். ஒற்றை பேஸ் வீட்டுக்கு இரண்டு முனை (டூ போல்) கருவி, மூன்று பேஸுக்கு நான்கு முனை (போர் போல்) கருவி வாங்க வேண்டும். விலை ஆயிரங்களில் இருக்கும், லட்சங்களில் இல்லை. வாங்கும்போது முகப்பில் 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'இது அடிக்கடி விழாது சார்' என்று 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் கருவியைத் தருவார்கள். 300 என்பது தீவிபத்தைத் தடுக்க. 100-ம் தொட்ட ஆளைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் மின்கசிவுக் காப்பைக் கேட்கின்றன. மிகச் சிறிய இணைப்புகளுக்குத்தான் விலக்கு.

கருவி இருந்தும் ஆள் இறந்த வீடுகளில் பெரும்பாலும் மூன்று கதைகளில் ஒன்று நடந்திருக்கும். முதலாவது, மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறதென்று எலக்ட்ரீஷியன் அதைச் சுற்றி நேரடி ஒயர் கொடுத்துவிடுவது. விழுகிறதென்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. வாட்டர் ஹீட்டரின் காயில், ஈரம் ஏறிய மோட்டார், மொட்டை மாடி விளக்கின் ஓல்டர் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். வயரிங்கில் ஆர்.சி.சி.பி. வழியே போகும் லைனின் நியூட்ரலை, அதன் வழியே போகாத லைனின் நியூட்ரலோடு சேர்த்து முறுக்கியிருந்தாலும் விழும். இரண்டாவது, இன்வெர்ட்டர். மின்தடை நேரத்தில் ஓடும் விளக்கு, விசிறி லைன்கள் ஆர்.சி.சி.பி.யைத் தொடாமலே போயிருக்கும். அந்த லைன்களுக்குத் தனியாக இன்னொரு கருவி வேண்டும். மூன்றாவது, கருவியே செத்திருப்பது. அதன் முகத்தில் 'டி' (T) என்று ஒரு சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லையென்றால் அன்றே மாற்ற வேண்டும். பல வீடுகளில் அந்தப் பொத்தானை ஒருவரும் ஒருமுறைகூட அழுத்தியதில்லை என்பது வருத்தமான உண்மை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் இந்தக் கருவிக்குத் தெரியாது. அதற்கு நீங்களும் ஒரு பல்புதான். அதனால் கருவி இருக்கிறது என்று மெயினை அணைக்காமல் வேலை செய்யக் கூடாது.

அடுத்தது எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு. இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. குழாயை நட்டு, உப்பும் கரியும் போட்டு மூடி, அங்கிருந்து ஒவ்வொரு பிளக் பாயிண்டின் மேல் துளைவரை பச்சை ஒயர் வர வேண்டும். பல அடுக்குமாடிகளில் கீழே எர்த் குழி இருக்கிறது, மேலே பிளக்கில் ஒயர் இல்லை. மூன்று முள் பிளக்கில் மேல் முள்ளை வெட்டிவிட்டு இரண்டு துளைப் பாயிண்டில் சொருகுவதும் நடக்கிறது. வாஷிங் மெஷின், பிரிட்ஜ், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் என உலோக உடம்புள்ள எதிலும் அந்த முள்தான் உயிர். எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்பதை அளக்க மீட்டர் உண்டு. உரிமம் பெற்ற மின்பணியாளரை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவது மூடப்பழக்கம் ஒன்றும் இல்லை. மண் காய்ந்தால் தடை கூடும்.

கொடிக்கயிறு பற்றி ஒரு வரி: கம்பி வேண்டவே வேண்டாம், நைலான் கயிறு போதும். ஜன்னல் கிரில்லிலிருந்தோ தகரக் கூரையின் இரும்புக் காலிலிருந்தோ கட்டிய கம்பியில், மேலே உரசும் சர்வீஸ் ஒயரின் தோல் தேய்ந்து கரண்ட் இறங்குகிறது. மின்கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியில் ஆடு மாடு கட்டுவதும் அதே கதைதான்.

ஒருவருக்கு ஷாக் அடித்துக்கொண்டிருந்தால் அவரைத் தொடாமல் மெயினை இறக்குங்கள். மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் அழுத்த வேண்டும். எழுந்து நடந்துவிட்டாலும் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது நல்லது. தெருவில் அறுந்து விழுந்த கம்பியென்றால் பத்து மீட்டருக்குள் போகாதீர்கள். கம்பைக் கொண்டு தள்ளுவது உயர் அழுத்தத்தில் தற்கொலைக்குச் சமம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987 இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது.

இனி பொறுப்பு. வாடகை வீடானால் சுவருக்குள் போகும் வயரிங் யாருடையது என்ற சண்டை வரும். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இதற்கு ஓர் அட்டவணையே வைத்திருக்கிறது: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் உள், வெளி வயரிங் பராமரிப்பு உரிமையாளருக்கு, சுவிட்ச், பிளக் பாயிண்ட், வாட்டர் ஹீட்டர் பழுது வாடகைதாரருக்கு. ஆகவே 'பாத்ரூம் சுவரைத் தொட்டால் சுர்ரென்கிறது' என்று உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பிலாவது எழுதிவிடுங்கள். வாய்ச்சொல் பின்னால் நிற்காது. எழுத்தில் தெரிவித்த பிறகும் சும்மா இருந்த உரிமையாளர், 'எனக்குத் தெரியாது' என்று தப்ப முடியாது.

தெரியாது என்ற பதிலுக்கே சட்டத்தில் பெரிய மதிப்பில்லை. டெல்லி சாந்தினி சௌக்கில் ஒரு மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்த வழக்கில், வெளியில் தெரியாத உள்பழுது என்றுதான் மாநகராட்சி வாதாடியது. கட்டடத்துக்கு வயது 80. அந்தக் காரைக்கு ஆயுள் 40 முதல் 45 ஆண்டு. அவ்வப்போது சோதித்திருக்க வேண்டும், சோதிக்காததே கவனக்குறைவு, நெடுஞ்சாலையோரக் கட்டடம் இடிந்தது என்பதே போதிய சான்று என்று 1966-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய பால்கனி, ஆடும் கைப்பிடிச் சுவர், துருப்பிடித்த பெயர்ப்பலகை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும். கடை வாசலில் 'விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று எழுதி மாட்டிவிட்டால் மட்டும் பொறுப்பு கழன்றுவிடாது.

மின்கம்பி விஷயத்தில் சட்டம் இதைவிடக் கடுமையானது. மத்தியப் பிரதேசத்தில் மழை இரவில் அறுந்து கிடந்த கம்பியில் சைக்கிளில் வந்தவர் மாட்டி இறந்தார். யாரோ கொக்கி போட்டுத் திருடியதால் கம்பி அறுந்தது, வாரியத்தின் தவறில்லை என்று வாதம். அபாயகரமான பொருளைக் கையாளும் நிறுவனம், தன் பக்கம் தவறு இல்லாவிட்டாலும் இழப்பீடு தர வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே பொதுவழியில் அறுந்து கிடந்த மின்வாரியக் கம்பியால் இறந்தவரின் குடும்பம், ஊழியர் தவறு செய்தார் என்று நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் நம் பக்கத்துத் தவறும் கணக்கில் வரும். வீட்டுக்கு மேலே போகும் சாதாரணத் தாழ்வழுத்தக் கம்பிக்கும் மாடிக்கும் இடையே 2.5 மீட்டர் உயரமும், பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளியும் வேண்டும். 11 ஆயிரம் வோல்ட் கம்பிக்கு மேலே 3.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர். முதலில் கம்பி இருந்து, பிறகு பால்கனியை இழுத்துக் கட்டியவர் தன் பங்கையும் சுமக்க நேரும். தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் பல ஊர்களில் தேரின் உச்சியையும் வீதிக் கம்பியின் உயரத்தையும் டேப் வைத்து அளக்காமலே வடம் பிடிக்கிறார்கள். ஒரு வாரம் முன்பே உதவி மின்பொறியாளருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, தேர் நகரும் தெருவில் மின்சாரத்தை நிறுத்தி வாங்குவது விழாக் குழுவின் வேலை. குழுவின் தலைவரும் செயலாளரும் தங்கள் பெயருக்கு நேரே வழக்கு வரும் என்பதை அறிந்திருந்தால் நல்லது.

மூடிய தொட்டிகளுக்கு வருவோம். நாம் சுவாசிக்கும் காற்றில் 20.9 சதவீதம் ஆக்சிஜன். 19.5-க்குக் கீழே போனாலே அது பணிக்கு ஏற்ற இடமில்லை. மிகவும் குறைந்துவிட்டால் சில மூச்சுகளிலேயே ஆள் சரிந்துவிடுவார். கத்தக்கூட நேரம் இருக்காது. செப்டிக் டேங்கில் இதோடு ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் சேர்கின்றன. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் தெரிந்துவிடும் என்று நினைப்பது தவறு. 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் அந்த வாயு மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும்; நாற்றம் நின்றுபோனது போலத் தோன்றும். 500-ஐத் தாண்டினால் உடனடி மயக்கம். மெழுகுவர்த்தி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இரண்டு விதத்தில் கெடுதல்: சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும், மீத்தேன் இருந்தால் சுடரே வெடிக்க வைக்கும்.

புதுத் தண்ணீர்த் தொட்டியில் ஆள் இறப்பது பலருக்குப் புரியாத புதிராக இருக்கிறது. கான்கிரீட் போட்டு மூடிய சம்ப்பில் சென்டரிங் பலகையும் முட்டும் வாரக்கணக்கில் ஈரத்தில் கிடக்கின்றன. மரத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் உள்ளேயிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்து கரியமில வாயுவை நிரப்பிவிடும். இரண்டடிச் சதுர வாய் ஒன்றுதான். அதுவும் பலகையால் மூடியிருக்கும். பலகை பிரிக்க முதலில் இறங்கியவர் சரிகிறார், தூக்க இறங்கியவரும் சரிகிறார். ஒரே நாளில் மூன்று பேர் என்று வரும் செய்திகளில் இரண்டாமவரும் மூன்றாமவரும் காப்பாற்றப் போனவர்கள்தான். சம்ப் கட்டும்போதே இரண்டு வாய் விடுவதும், பிரிக்கும் நாளுக்கு முந்தைய நாளே திறந்து வைப்பதும், ஒரு வாயில் புளோயர் வைத்துக் காற்றை உள்ளே அடித்துக்கொண்டே இருப்பதும், இறங்குபவர் இடுப்பிலும் தோளிலும் கயிறு கட்டி அதன் மறுமுனை மேலே இரண்டு பேர் கையில் இருப்பதும் பெரிய செலவில்லாத காரியங்கள். அளவுக் கருவி இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் இறைக்கப் பெட்ரோல் எஞ்சினைத் தொட்டிக்குள் இறக்கவே கூடாது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாமல் கொல்லும். உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால் மேலிருந்து காற்றை அடியுங்கள், கயிற்றால் இழுங்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், இறங்காதீர்கள்.

செப்டிக் டேங்குக்கு இந்த முன்னெச்சரிக்கையெல்லாம் சொல்ல வேண்டியதே இல்லை, ஏனென்றால் பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்குவதே, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஒப்பந்தக்காரர் மட்டுமல்ல, வீட்டுக்காரரும் சிக்குவார். 'அவராகத்தான் இறங்கினார்' என்பது காப்பாற்றாது. சாக்கடைப் பணியில் இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. உடல் ஊனமானால் குறைந்தது 10 லட்சம், பிழைப்பே போகும்படியான நிரந்தர ஊனமென்றால் குறைந்தது 20 லட்சம். லாரியில் உறிஞ்சி எடுக்க 14420-ஐ அழைக்கலாம்.

சமையல் எரிவாயு பற்றிப் பலரும் எழுதியிருப்பதால் சுருக்கமாக. ரப்பர் ஓஸுக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. தேதி அதிலேயே அச்சிட்டிருக்கும். சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் ஏ, பி, சி, டி என்ற எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்த மாத முடிவுக்குள் மறுசோதனை ஆக வேண்டும். கெடு தாண்டிய சிலிண்டரை வாங்க மறுங்கள். கசிந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவைத் திறந்துவிட்டு வெளியே போய் 1906-ஐ அழையுங்கள். எண்ணெய் நிறுவனங்கள் பதிவான வாடிக்கையாளர்களுக்காகத் தங்கள் செலவில் காப்பீடு எடுத்திருக்கின்றன: இறப்புக்கு நபருக்கு 6 லட்சம், சிகிச்சைக்கு நபருக்கு 2 லட்சம் வரை, பதிவான முகவரியில் பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை. விநியோகஸ்தருக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரியாததால் கேட்காமல் விட்ட குடும்பங்கள் நிறைய இருக்கும்.

வடிகால் பள்ளம், திறந்த கிணறு, கைவிட்ட ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றில் விபத்துக்கு முன்பே பிடிக்க ஒரு கயிறு இருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்படி, பொதுவழியை ஒட்டி வேலியில்லாமல் கிடக்கும் கிணறு, குளம், பள்ளம், விழும் நிலையில் உள்ள கட்டடம், மரம் ஆகியவற்றைச் சரிசெய்யுமாறு கோட்டாட்சியர் ஆணையிட முடியும். வெள்ளைத்தாளில் இடம், கதவு எண், புகைப்படம், தேதி எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டால் போதும். பழைய சட்டத்தில் 133-ஆம் பிரிவாக இருந்த இதே அதிகாரத்தை வைத்துத்தான், பணம் இல்லை என்று சாக்கு சொன்ன மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சியைச் சாக்கடை கட்ட வைத்தது உச்ச நீதிமன்றத்தின் 1980-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆழ்துளைக் கிணற்றுக்கு உச்ச நீதிமன்றம் 2010-இல் அளவே கொடுத்துவிட்டது: குழாயைச் சுற்றி அரை மீட்டர் சதுரத்தில், தரைக்கு மேல் 30 சென்டிமீட்டரும் கீழ் 30 சென்டிமீட்டருமாகச் சிமெண்ட் மேடை, வாயில் பற்றவைத்த இரும்பு மூடி, கைவிட்டால் அடிவரை மண் கொண்டு நிரப்ப வேண்டும். சாக்குப்பையும் கல்லும் மூடி ஆகாது. அப்படி மூடிவைத்த நில உரிமையாளர், தோண்டியவர் இருவருக்கும் பொறுப்பு உண்டு. சாலையில் பள்ளம் தோண்டிய ஒப்பந்ததாரரும், தோண்டச் சொன்ன மாநகராட்சியும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். மனுவில் இருவரையும் சேருங்கள்.

விபத்து நடந்துவிட்டால் முதல் இரண்டு நாள்தான் வழக்கின் பாதி. அரசு மருத்துவமனையில் பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதும் முதல் வரியை அதற்குப் பிறகு யாராலும் அழிக்க முடியாது. போலீஸ் தொந்தரவு வேண்டாமென்று 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று சொல்லிவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கடைக்காரரின் லிப்ட் பழுதென்றால் நீதிமன்றம் நம்பாது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். காவல் நிலையத்தில் எப்.ஐ.ஆர். பதியத் தயங்கினால் மனு ஏற்பு ரசீதாவது வாங்குங்கள், அடுத்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பள்ளத்தைப் படமெடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். மறுநாள் அதை மூடிவிடுவார்கள். கருகிய ஒயர், அறுந்த ஓஸ், உடைந்த மூடி ஆகியவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். மின்விபத்தானால் மின்வாரியம் 48 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்கு எழுத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினார்களா என்று நீங்களும் மின் ஆய்வாளருக்கு ஒரு கடிதம் போடுங்கள். அவர் ஆய்வறிக்கையின் நகல் உங்கள் கையில் இருந்தால் வழக்கு பாதி வென்றது போல.

காரணம் இதுதான்: உண்மைகளில் தகராறு இல்லாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் அரசு அமைப்புக்கு எதிராக நேரடியாகப் போடும் ரிட் மனுவிலேயே இழப்பீடு பெற முடியும். தகராறு இருந்தால் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று தமிழ்நாடு மின்சார வாரியம் தொடர்பான வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2000-இல் சொல்லியிருக்கிறது. ஓர் அறிக்கையின் நகல் இல்லாததால் ஓராண்டில் முடியக்கூடியது பத்தாண்டாக நீள்கிறது.

குற்ற வழக்கும் இழப்பீடும் வேறு வேறு என்பதில் குழப்பம் வேண்டாம். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் இது 2 ஆண்டாக இருந்தது. குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கில் எது அதிகம் நம்பத்தக்கது என்று பார்ப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும் இழப்பீடு கேட்கலாம்.

ஸ்டேஷன் வாசலில் 'இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள்' என்று பேசுபவர்கள் வருவார்கள். கையெழுத்துக்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2009, 2017 தீர்ப்புகளில் மோட்டார் விபத்துகளுக்கு வகுத்த முறையைத்தான் மற்ற விபத்துகளுக்கும் நீதிமன்றங்கள் வழிகாட்டியாகக் கொள்கின்றன. 38 வயதுக் கொத்தனார், மாத வருமானம் 15,000 என்று வைப்போம். ஆண்டுக்கு 1,80,000. நாற்பதுக்குக் கீழே உள்ள சுயதொழில்காரருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நால்வர் நம்பியிருந்தால் அவர் சொந்தச் செலவாகக் கால் பங்கு கழிப்பார்கள், மிச்சம் 1,89,000. 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கும் எண் 15. மொத்தம் 28,35,000 ரூபாய். இறுதிச் சடங்கு, வாழ்க்கைத் துணையை இழந்ததற்கான தொகை போன்றவை தனி. இறந்தவரும் ஓரளவு கவனக்குறைவாக இருந்தார் என்று நீதிமன்றம் கண்டால் அந்த விகிதம் மட்டும் குறையும், முழுத்தொகையும் போய்விடாது. வருமானத்துக்குச் சான்றாக வங்கிப் புத்தகம், நலவாரிய அட்டை, மேஸ்திரியின் சம்பளக் குறிப்பேடு எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

கெடு முக்கியம். மரணத்துக்கு 1855-ஆம் ஆண்டு உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட இறந்த நாளிலிருந்து 2 ஆண்டு. நுகர்வோர் ஆணையத்துக்கும் 2 ஆண்டு. அங்கே கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. சட்டப்படியான கடமையில் இருந்தோம், ஓராண்டுக்குள் வரவில்லை என்று உள்ளாட்சிகள் எதிர்வாதம் வைக்கும் என்பதால், அவற்றின் மேல் போவதென்றால் ஓராண்டுக்குள் போய்விடுங்கள். அரசின் மேல் சிவில் வழக்கென்றால் 2 மாத முன்னறிவிப்பும் தேவை. சாலை விபத்துக்குத் தனித் தீர்ப்பாயம். 2022 ஏப்ரல் முதல் 6 மாதக் கெடு எழுதப்பட்டிருக்கிறது. அது செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது; அதை நம்பித் தாமதிக்க வேண்டாம். மோதிவிட்டுப் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு.

வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து ஒதுங்குபவர்களுக்கு இரண்டு வழிகள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தர வேண்டும். தொலைபேசி எண் 15100. கணவரை இழந்த பெண் வருமானச் சான்றிதழுக்கு அலைய வேண்டியதே இல்லை. இரண்டாவது, நிரந்தர மக்கள் நீதிமன்றம். வழக்கமான லோக் அதாலத்திலிருந்து இது வேறு. மின்சாரம், குடிநீர், துப்புரவு, மருத்துவமனை, காப்பீடு போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் பற்றிய தகராறுகளை, 1 கோடி ரூபாய் வரை, நீதிமன்றக் கட்டணம் இல்லாமல் இங்கே கொண்டு போகலாம். முதலில் சமரசம் பேசுவார்கள். எதிர்த்தரப்பு ஒத்துவராவிட்டால் அந்த அமர்வே தீர்ப்பளிக்கும். ஒரே நிபந்தனை, அதே விஷயத்தில் வேறு நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருக்கக் கூடாது. எனவே இங்கே போவதா சிவில் நீதிமன்றம் போவதா என்பதை முதல் மனு எழுதும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மின்பணி மேற்பார்வையாளர் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும்,
திருச்சிராப்பள்ளி.